முடி போயிற்று, குடியரசு வந்ததா?

ஆசியாவின் மிகப் பழைய சனநாயகம் இலங்கையே என்ற பெருமைப் பேச்சைக் கொழும்பின் ஆதரவாளர்கள் அலுக்காமல் பேசுகின்றனர். 1931 முதல் ஆணும் பெண்ணும் வாக்களித்துவரும் நாட்டில் தமிழருக்கு என்ன குறை என்பது அடுத்த கேள்வி. புலம்பெயர்ந்த மண்ணில் பிறந்த பிள்ளைகள் பலர் இதன் முன் வாயடைத்துப் போகின்றனர். தேர்தல்கள் நடந்தது உண்மை; வாக்குகள் எண்ணப்பட்டதும் உண்மை. சனநாயகத்துக்கும் குடியரசுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவர்களுக்கு அதற்கு மேல் விடை கிடைப்பதில்லை.

யார் ஆள்வது என்ற கேள்விக்குச் சனநாயகம் தரும் விடை பெரும்பான்மை. ஆள்வோர் எதைச் செய்யக்கூடாது என்பது வேறு கேள்வி. நாடு குடிகள் அனைவருக்கும் பொது, எண்ணிக்கையில் மிகுந்தோரின் தனிச்சொத்து அன்று. ஆகவே எந்தப் பெரும்பான்மையும் தாண்ட முடியாத வேலி வேண்டும் என்பதே குடியரசின் உயிர். மன்னன் இல்லாத நாடு குடியரசு என்னும் பள்ளிப்பாடம் பாதி உண்மையே. கனடாவில் இன்றும் முடியே அரசின் தலைமை. ஆயினும் 1982ஆம் ஆண்டின் உரிமைச் சாசனத்துக்கு முரணான சட்டத்தை அங்குள்ள நீதிமன்றம் செல்லாது எனத் தீர்க்கலாம்.

இலங்கையில் நடந்தது தலைகீழ். முடியின் கீழ் இருந்த காலத்தில் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு வேலியாக நின்றது. ஏனையோருக்கு இல்லாத தடையையோ சலுகையையோ ஓர் இனத்துக்கு அல்லது மதத்துக்கு உண்டாக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றலாகாது என்றது அது. வலுவற்ற வேலி என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதையடுத்த தேர்தல் சட்டமும் மலையகத் தமிழரின் வாக்குரிமையைப் பறித்தன. அன்று இறுதி மேன்முறையீட்டு மன்றமாயிருந்த இலண்டன் கோமறைக் கழகம் 1953இல் அவற்றுக்கு இடமளித்தது.

1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. சிங்களத் தேர்ச்சி இல்லையென்று சம்பள உயர்வு மறுக்கப்பட்ட கோடீஸ்வரன் என்ற அரச ஊழியர், 29ஆம் பிரிவைக் காட்டி நீதிமன்றப் படியேறினார். 1964இல் மாவட்ட நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். 1967இல் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்கிட முடியாதாம்! 1969இல் கோமறைக் கழகம் இக்காரணத்தை நிராகரித்து, மொழிச் சட்டம் செல்லுமா என்பதை ஆராயுமாறு வழக்கைக் கொழும்புக்கே திருப்பியது.

அதற்குள் ஆட்சி மாறியது. 1970 தேர்தலில் பாதி வாக்குகளைக்கூடப் பெறாத ஐக்கிய முன்னணி, 151 இடங்களில் 116ஐக் கைப்பற்றியது. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22இல் குடியரசு பிறந்தது. 29ஆம் பிரிவு மறைந்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடமும் சிங்களத்துக்கு அரசகரும மொழி என்ற தகுதியும் யாப்பிலேயே ஏறின. அடிப்படை உரிமைகள் என ஓர் அத்தியாயம் எழுதப்பட்டது. நிறைவேறிய சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் ஆராயலாகாது என்றும் அதே யாப்பு விதித்தது. இதன் சிற்பி கொல்வின் ஆர். டி சில்வா, ஒருமொழிக் கொள்கை நாட்டை இரண்டாக்கும் என 1956இல் எச்சரித்த அதே மனிதர்!

செல்வநாயகம் 1972இல் தமது காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து மக்கள் தீர்ப்பைக் கோரினார். இடைத்தேர்தல் 1975 பெப்ரவரியில்தான் நடந்தது. வாக்குப்பெட்டியைக் காட்டிப் பெருமை பேசும் அரசு, தமிழர் வாக்களிக்க வேண்டிய பெட்டியை ஈராண்டுக்கு மேல் பூட்டி வைத்திருந்தது.

1978 யாப்பு நாட்டின் பெயரிலேயே சனநாயகத்தையும் குடியரசையும் சேர்த்து எழுதியது. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும் சபாநாயகர் சான்றுரைத்த சட்டத்தை நீதிமன்றில் கேள்விக்குட்படுத்த முடியாது என்ற விதி இன்றும் நீடிக்கிறது. சட்டமூலமாக இருக்கும்போதே குறுகிய காலக்கெடுவுக்குள் தடுத்தால்தான் உண்டு. கொழும்புக்குத் திருப்பப்பட்ட கோடீஸ்வரன் கேள்விக்கு எந்த நீதிமன்றமும் இறுதி விடை அளிக்கவேயில்லை.