இறக்கத்தில் எதிர்ப்பக்கம் திரும்பும் இயந்திரம்

மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில், பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள தோட்டப் பாதை ஒன்றில், கோவா மூட்டைகளோடு இறங்கி வந்த லேண்ட்மாஸ்டர் ஒன்று முடக்கில் பள்ளத்துப் பக்கம் திரும்பியதை நேரில் கண்டேன். பெட்டியில், மூட்டைகளின் மேல், மூன்று பெண்கள் அமர்ந்திருந்தார்கள். ஓட்டியவர் கிளிநொச்சிப் பக்கத்தில் இருபது வருடம் இதே இயந்திரத்தோடு வாழ்ந்தவர். மலைப்பக்கம் ஒதுங்குவதற்காக வலது கைப்பிடியின் கிளச்சைப் பிடித்தார். இயந்திரம் இடது பக்கம், பள்ளத்தை நோக்கிப் போனது. பாதையோரத்துத் தேயிலைச் செடிகள் தாங்கிக்கொண்டதால் உயிர் போகவில்லை. ஒரு பெண்ணுக்குக் கால் முறிந்தது.

அன்று மாலை லயத்தில் பலரும் பலவிதமாகப் பேசினார்கள். குடித்திருந்தார் என்றார்கள், அவர் குடிப்பவர் அல்லர். கண்ணூறு என்றார்கள். அவரோ, "நான் சரியாத்தான் புடிச்சேன் பாதர், அது கேக்கல" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னது உண்மை. அவர் பிடித்தது சமதரைக்குச் சரியான பிடி. இயந்திரமும் தன் இயல்புப்படியே நடந்தது. அந்த இயல்பை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதுதான் விபத்தின் காரணம். அந்த இயந்திரம் சங்கத்திற்குக் கிடைத்த நாளில் அதன் மேல் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்தவன் நான். இறக்கத்தைப் பற்றி அன்று நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகவே இதை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இருசக்கர உழவு இயந்திரத்தில் காரில் இருப்பது போன்ற ஸ்டியரிங் இல்லை. இரண்டு கைப்பிடிகளுக்கும் கீழே இரண்டு சிறிய பிடிகள் உள்ளன. வலது பிடியை அழுத்தினால் வலது சில்லுக்குப் போகும் இயந்திர வலு அறுந்துவிடும். சமதரையிலும் ஏற்றத்திலும் வலு இல்லாத சில்லு பின்தங்கும், மற்றச் சில்லு முன்னே போகும், வண்டி வலப்பக்கம் திரும்பும். இதைத்தான் வன்னியிலும் அனுராதபுரத்திலும் வயலில் நின்று எல்லோரும் பழகினார்கள். இறக்கத்தில் கதை வேறு. அங்கே இயந்திரம் வண்டியை இழுப்பதில்லை. பாரம்தான் இயந்திரத்தைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. என்ஜின் சில்லுகளைப் பிடித்து நிறுத்தும் வேலையைச் செய்கிறது. இப்போது வலது பிடியை அழுத்தினால், பிடித்து வைத்திருந்த அந்தச் சில்லு விடுபட்டு வேகமாக உருளும். மற்றது அடங்கியே ஓடும். வண்டி இடப்பக்கம் திரும்பும். ஒரே பிடி, ஒரே கை. சரிவு மாறியதும் திசை மாறிவிடுகிறது. இருபது வருட அனுபவம் அந்த ஒரு நொடியில் உதவாது. பழகிய கை யோசிக்காமல் பிடிக்கும் என்பதால் அந்த அனுபவமே எதிரியாகவும் ஆகிவிடலாம்.

இந்த இயந்திரம் மலைக்கென்று பிறந்ததல்ல. 1950களின் நடுப்பகுதியில் நம் நாட்டுப் பொறியியலாளர் ரே விஜேவர்தன நெல்வயலுக்காக வடிவமைத்தது அது. இங்கிலாந்துக் கம்பனி ஒன்று அதைத் தயாரித்து விற்றது. பிறகு ஜப்பானின் குபோட்டாவும் சீன இயந்திரங்களும் வந்தன. பெயர் மட்டும் லேண்ட்மாஸ்டர் என்றே நிலைத்துவிட்டது. 2010இல் மறைந்த விஜேவர்தன, தாம் செய்ததெல்லாம் எருமையை இயந்திரமாக்கியதுதான், விளைச்சலைக் கூட்டவில்லை என்று பிற்காலத்தில் தாமே வெளிப்படையாகச் சொல்லி வந்தார். தம் கண்டுபிடிப்பைத் தாமே குறை சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? பிற்பாடு அவர் சரிவு நிலங்களில் மரவேலி நட்டு மண்ணைக் காக்கும் முறையைப் பரப்பினார். மலையில் மரக்கறி செய்யும் நம்மவருக்கு அவருடைய இயந்திரத்தைவிட அந்த வேலை அதிகம் பொருந்தும் என்பது என் எண்ணம். ஆனால் கைக்கு வந்தது இயந்திரம்.

அது எப்படி வந்தது என்பதையும் பேச வேண்டும். 1977, 1981, 1983 வன்செயல்களில் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் அங்கே காடு வெட்டி, வயல் செய்து, லேண்ட்மாஸ்டர் ஓட்டப் பழகின. 2009 வரை நடந்த போர் அவர்களை மீண்டும் மீண்டும் பெயர்த்தது. சிலர் உறவினரைத் தேடி மலைக்கே திரும்பினார்கள். மலையில் இருந்தவர்களை மண்சரிவு பெயர்த்தது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா மாவட்டத்தை உலுக்கியது. இப்படி இடம்பெயர்ந்தவர்கள் கூடி லீக்ஸ், கரட், கிழங்கு போட ஒரு துண்டு நிலம் பெற்றால், உதவ வருவோர் முதலில் நினைப்பது ஒரு லேண்ட்மாஸ்டரை. மாலை போட்டுக் கற்பூரம் காட்டிப் படம் எடுத்துத் திறப்பைக் கையளிக்கிறார்கள். பயிற்சி என்பது விளையாட்டு மைதானத்தில் அரை மணி நேரம். பூண்டுலோயாவில் சமதரை என்று இருப்பது ஏறக்குறைய அந்த மைதானம்தான்! இந்தக் குறையில் திருச்சபை அமைப்புகளுக்கும் பங்குண்டு. இயந்திரம் தருகிறவர்கள் சரிவிலும் பழக்கித் தரவேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் தராமல் இருப்பது நல்லது. எமது கருத்து இதுதான், சிலருக்குக் கசக்கும்.

சரிவில் பழக்குவது பெரிய வித்தையல்ல. வெறும் பெட்டியோடு, மழையில்லாத நாளில், இரு பக்கமும் மண் திட்டு உள்ள சிறிய இறக்கத்தில் தொடங்க வேண்டும். இறக்கத்தின் உச்சியில் வண்டியை நிறுத்தி, மிகக் குறைந்த கியரில் போட்டுக்கொண்டே இறங்க வேண்டும். பாதியில் கியர் மாற்றப் பார்த்தால் கியர் விழாமல் வண்டி சும்மா உருளத் தொடங்கும். அக்சிலேட்டரைக் குறைத்துவிட்டால் டீசல் என்ஜினே பாதி பிரேக்காக வேலை செய்யும். எண்ணெய் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அப்படி மிச்சமாகும் எண்ணெயின் பெறுமதி எவ்வளவு? திரும்புவதற்குக் கைப்பிடிக் கிளச்சைத் தொடாமல், நீண்ட கைப்பிடியையே உடம்பால் தள்ளித் திருப்பப் பழக வேண்டும். 'எதிர்ப்பக்கக் கிளச்சைப் பிடித்தால் போதுமே' என்று கேட்பார்கள். கணக்குப்படி சரிதான். ஆனால் இறக்கம் முடிந்து பாதை மட்டமாகும் இடத்தில் திசை மறுபடி மாறும்; பதற்றத்தில் எந்தக் கை எதைச் செய்யும் என்று யாருக்கும் உத்தரவாதம் இல்லை.

பெட்டியின் கால் பிரேக்கைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பல பெட்டிகளில் அது பெயருக்கு இருக்கிறது. இயந்திரத்தை மட்டும் பிடித்து நிறுத்தினால் பின்னாலிருந்து பாரம் தள்ளி, பெட்டியும் இயந்திரமும் கத்திரிக்கோல் போல மடியும். நடுவில் இருப்பது ஓட்டுபவர். பெட்டியின் பிரேக் பிடிக்காத வண்டி சமதரைக்கு மட்டுமே வண்டி. அடுத்தது கொழுக்கி ஊசி. ஊசிக்குப் பதிலாக ஆணியும் கம்பியும் போட்டு ஓடும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். சரியான ஊசியும், அது கழன்றாலும் பெட்டியை விடாத ஒரு சங்கிலியும் பெரிய செலவல்ல. மூட்டைகளைத் தாழ்வாக, பெட்டியின் முன்பாதியில் சற்றுக் கூடுதலாக அடுக்கிக் கட்ட வேண்டும். பாரம் பின்னால் போனால் முன்பக்கம் இலேசாகி இயந்திரத்தின் சில்லுகளுக்குப் பிடிப்பு போய்விடும். சமதரையில் ஏற்றுவதில் பாதியை ஏற்றி இரண்டு நடை போகட்டும்.

மழைக்குப் பிறகு பாதையை முதலில் ஒருவர் நடந்து பார்த்து வரவேண்டும். பாதையோரம் வெளியே உறுதியாகத் தெரியும், உள்ளே நீர் குடைந்திருக்கும். கரை எவ்வளவு உயரமோ, அவ்வளவு தூரமாவது சில்லு ஓரத்திலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பது உலகெங்கும் உழவு இயந்திரம் ஓட்டுபவர்களுக்குச் சொல்லப்படும் கணக்கு. ஆறடிக் கரை என்றால் ஆறடி உள்ளே. நம் தோட்டப் பாதைகளில் பாதையே அவ்வளவு அகலம் இல்லை என்பீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் மூட்டை தோளில்தான் போகவேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நிலத்தில் வேறொரு ஆபத்து. சுழல் கொத்தியைப் பூட்டி உழும்போது, அது சுழன்றுகொண்டிருக்கும் நிலையில் பின்னோக்கி எடுக்கவே கூடாது. நம் மரக்கறிப் பாத்திகள் ஒடுக்கமானவை. பின்னால் மண் சுவரோ கல் கட்டோ இருக்கும். பின்னுக்கு எடுக்கிறவர் சுவருக்கும் கத்திகளுக்கும் நடுவில் அகப்படுவார். கிளச்சை விட்டுத் தப்ப நேரம் கிடைக்காது. நீளச் சேலை, தொங்கும் சால்வை, மழைக்குக் கட்டும் ரெட்டு இவை பெல்ட்டில் சிக்கும். பெல்ட் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவதை யாரும் கெட்டித்தனமாக எண்ண வேண்டாம்.

இனி, மிகவும் கடினமான விடயத்துக்கு வருகிறேன். பெட்டியில் ஆட்களை ஏற்றலாமா? கூடாது என்று ஒரு சொல்லில் எழுதிவிடலாம். ஆனால் இரவில் பிரசவ வலி வந்தால், தோட்டத்து லொறி கிடைக்காவிட்டால், ஆட்டோ ஏறாத பாதை என்றால், நானும் ஏற்றத்தான் சொல்வேன். அது அவசரம். ஆனால் அன்றாடம் பெண்களைக் காணிக்குக் கொண்டு போவதும் சந்தைக்கு ஏற்றி இறக்குவதும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றுவதும் அவசரமல்ல. குறைந்தபட்சம் இறக்கத்தில் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். ஓட்டுபவர் தனியே இருந்தால், ஆபத்து என்று கண்டதும் குதித்துவிடலாம். மூட்டையின் மேல் இருக்கும் பெண் எங்கே குதிப்பாள்? சங்கத்தின் ஆண்கள்தான் ஓட்டுகிறார்கள், பெண்கள்தான் விழுகிறார்கள். ஆகவே எந்தப் பாதையில் யார் ஏறலாம் என்பதைப் பெண்கள் குழு தீர்மானிக்கட்டும். திறப்பும் அவர்களிடம் இருக்கட்டும். சிரிக்க வேண்டாம், ஒரு போகம் செய்து பாருங்கள்.

இருசக்கர இயந்திரத்தைப் பெட்டியோடு வீதியில் ஓட்ட ஜி-1 வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் தேவை. முச்சக்கர வண்டிக்குரிய அனுமதி இதற்குச் செல்லாது. பதினாறு வயதுப் பையன் நன்றாக ஓட்டுகிறான் என்று பெருமைப்படும் தகப்பன்மார் இதைக் கவனிக்க வேண்டும். மேலும், தோட்டத் தொழிலாளி வேலை நேரத்தில் விபத்துக்குள்ளானால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தில் ஏதோ ஒரு வழி உண்டு. சொந்தமாகவோ சங்கமாகவோ பயிர் செய்கிறவருக்கு எசமான் இல்லை; கேட்கவும் ஆள் இல்லை. கால் முறிந்த அந்தப் பெண் நான்கு மாதம் கொழுந்து பறிக்கப் போகவில்லை. சங்கம் சேர்த்துக் கொடுத்தது அரிசிக்குப் போதுமானதாக இருந்தது, அவ்வளவுதான். இயந்திரம் தருகிறவர்கள் அதோடு காப்புறுதிக்கும் ஒரு பகுதி ஒதுக்கினால் என்ன?

பாதைகளின் பொறுப்பு யாருடையது என்ற பழைய வழக்கும் உண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் பணம் செலவழிக்க முடியாது என்று சபைகள் நெடுங்காலம் கைவிரித்தன. அந்தத் தடை 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் டன்சினன் தோட்டத்தில் 404 வீடுகளோடு மகாத்மா காந்திபுரம் கையளிக்கப்பட்டது. வீடு வந்தால் அரிசியும் எருவும் சீமெந்தும் அங்கே ஏறத்தான் வேண்டும். மலையில் எந்தக் குடியிருப்பு அமைத்தாலும் பாதையும் அதோடு சேர்ந்தே திட்டமிடப்பட வேண்டும். 2025 மே 11இல் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது வீதித் தடுப்புகளைப் பற்றி நாடே பேசியது. லேண்ட்மாஸ்டரிலிருந்து ஒருவராக இருவராக விழுகிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஸ்வீடன் நாடு 1959லேயே புதிய நான்குசக்கர உழவு இயந்திரங்களுக்கு, கவிழ்ந்தாலும் ஓட்டுநரை நசுக்காத இரும்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. காலப்போக்கில் அங்கே கவிழ்ந்து இறப்பவர்கள் அரிதாகிவிட்டார்கள். ஓட்டுநர் பெட்டியின் முன் உட்காரும் நம் இருசக்கர வண்டிக்கு அந்தச் சட்டமும் பொருந்தாது.

புது வீடு கட்டுகிறவன் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும், யாரேனும் விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின் மேல் வரும் என்று இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. விழுந்தவனின் கவனக்குறைவைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. கட்டியவனிடம்தான் கணக்குக் கேட்கப்படுகிறது. இயந்திரம் வாங்கித் தந்தவர்களும் அதை ஆசீர்வதித்தவர்களும் அந்த அதிகாரத்தை ஒருமுறை எடுத்து வாசிக்கட்டும்.

அந்த வண்டி இப்போது திருத்தப்பட்டுச் சங்கக் கொட்டிலில் நிற்கிறது. பெட்டிக்குப் புது பிரேக் போட்டாகிவிட்டது. சங்கிலி இன்னும் வாங்கவில்லை. ஓட்டியவர் மறுபடி அதில் ஏற மறுக்கிறார். அடுத்த ஞாயிறு பூசைக்குப் பின் வெறும் பெட்டியோடு சிறிய இறக்கத்தில் இரண்டு இளைஞர்களைப் பழக்கலாம் என்று கேட்டிருக்கிறேன். கூட நடந்து வருவதாக மட்டும் சொல்லியிருக்கிறார்.