எலி என்ன சாப்பிட்டது?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாதத்துக்கு ஒரு தடவையாவது இந்த மாதிரி ஒன்று வரும்: "கொழுப்பு சாப்பிட்டால் நினைவாற்றல் குறையும், ஆய்வில் கண்டுபிடிப்பு!" இரண்டு வாரம் கழித்து அதற்கு நேர் எதிராக இன்னொன்று. கடைசிப் பந்தி வரை பொறுமையாக வாசித்தால்தான் தெரியும், ஆய்வு நடந்தது சுண்டெலிகளில் என்று. "எலிதானே" என்று தள்ளிவிடும் ஆட்களும் இருக்கிறார்கள், மறுநாளே வீட்டில் நெய்யை நிறுத்தும் மாமாக்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. அந்த எலிகளுக்கு என்ன சாப்பாடு போட்டார்கள்?

ஆய்வுக்கூட எலிச் சாப்பாட்டில் பெரிய பிரிவு இரண்டு. ஒன்று "சௌ". கோதுமை, மக்காச்சோளம், சோயா, சில நேரம் மீன் தூள் எல்லாம் அரைத்து உருண்டையாக அழுத்தியது. மலிவு, எலிகளுக்கும் நன்றாக ஒத்துப்போகும். ஆனால் விளைச்சலுக்கு விளைச்சல் உள்ளே இருப்பது மாறும். சோயாவில் ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்படும் பொருட்கள் இருக்கின்றன. அவற்றின் அளவும் ஒரு மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் வேறுபடலாம். ஹார்மோன் ஆய்வு செய்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று யோசித்துப் பாருங்கள். போதாததற்குப் பல நிறுவனங்கள் சரியான அளவுகளை வெளியே சொல்வதும் இல்லை.

இன்னொன்று தூய்மைப்படுத்திய உணவு. பால்புரதமான கேசீன், மாவுச்சத்து, சர்க்கரை, எண்ணெய், செல்லுலோஸ், வைட்டமின், தாது உப்புகள் என்று ஒவ்வொன்றையும் நிறுத்துக் கலப்பது. செய்முறை எல்லோருக்கும் தெரியும். டொரொன்டோவில் செய்ததை டோக்கியோவில் திரும்பச் செய்யலாம்.

இதற்கு ஒரு பொதுச் செய்முறையை அமெரிக்க ஊட்டச்சத்து அமைப்பு ஒன்றின் குழு 1977இல் வெளியிட்டது. பெயர் ஏஐஎன்-76. அதில் எடையில் பாதி சர்க்கரை! ஆம், ஐம்பது சதவீதம். வைட்டமின் கே போதாமல் சில எலிகளுக்கு இரத்தக்கசிவு வந்தது. 1980இல் அதைக் கூட்டினார்கள். பெண் எலிகளின் சிறுநீரகத்தில் கால்சியம் படிந்தது. எல்லாவற்றையும் பார்த்து 1993இல் ஏஐஎன்-93 வந்தது. வளரும் எலிக்கும் கர்ப்பிணி எலிக்கும் ஒன்று, வளர்ந்த எலிக்கு இன்னொன்று. சர்க்கரை பத்து சதவீதமானது, மக்காச்சோள எண்ணெயின் இடத்தில் சோயா எண்ணெய் வந்தது. என் தொழில் மென்பொருள் என்பதால் இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெர்ஷன் நம்பர் இருக்கிறது, என்ன மாறியது, ஏன் மாறியது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு வசதி இருந்தும் நடப்பதைப் பாருங்கள். எலிகளைக் குண்டாக்க உலகம் முழுவதும் வாங்கும் ஓர் உணவு டி12492. அதன் கலோரியில் 60 சதவீதம் கொழுப்பு, பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு. ஒரு கூட்டத்துக்கு இதைப் போடுகிறார்கள். ஒப்பிடுவதற்கான மற்றக் கூட்டத்துக்கோ சாதாரண சௌ. இரண்டுக்கும் கொழுப்பில் மட்டுமா வித்தியாசம்? சர்க்கரை, புரதம் வந்த இடம், சோயாப் பொருட்கள், நார்ச்சத்து எல்லாமே வேறு. கடைசியில் கட்டுரைத் தலைப்பில் மட்டும் "கொழுப்பு செய்தது" என்று வரும். டேட்டாபேஸ், சர்வர், கோட் மூன்றையும் ஒரே இரவில் மாற்றிவிட்டு "என் கோடால்தான் வேகமானது" என்று எங்கள் மீட்டிங்கில் யாராவது சொன்னால் சிரித்தே அனுப்பிவிடுவோம்.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. வார்டன், ஃபிஸ்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இலேயே செல் மெட்டபாலிசம் இதழில் இதை எழுதினார்கள். முந்தைய ஆண்டு வந்த கட்டுரைகளை எடுத்துப் பார்த்தபோது, பொருத்தமான உணவோடு ஒப்பிட்டவை கொஞ்சம்தான். 2015இல் வந்த இன்னொரு ஆய்வு, கரையும் நார்ச்சத்து இல்லாததே எலிகளில் கொழுப்பு சேர ஒரு காரணம் என்று காட்டியது. அதாவது கொழுப்பின் தலையில் போட்ட பழியில் ஒரு பங்கு நாருடையது.

தூய்மைப்படுத்திய உணவைக் கும்பிடச் சொல்லவில்லை. அதில் வழக்கமாக இருக்கும் ஒரே நார் செல்லுலோஸ். குடல் பாக்டீரியாவுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. விலையும் கூட. என் வாதம் சின்னது: எதைப் போட்டாலும் அதன் சொந்தச் சகோதரனோடு ஒப்பிடுங்கள். அதே பொருட்கள், அதே சர்க்கரை, கொழுப்பு மட்டும் குறைவு. அப்படிப்பட்ட உணவு விலைக்கே கிடைக்கிறது. "ஸ்டாண்டர்ட் சௌ" என்று இரண்டு சொல்லில் முடிக்கும் கட்டுரையை இதழ்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? தெற்காசியர்களுக்கு நீரிழிவு அதிகம், இளவயதிலேயே வருகிறது. நம் வீடுகளில் மாத்திரைப் பெட்டி இல்லாத சமையலறையைத் தேட வேண்டும். அப்பாவின் தட்டில் எதைக் குறைப்பது என்று நாளை ஒரு டாக்டர் சொல்லும் ஆலோசனையின் அடியில் இந்த எலிகளும் இருக்கலாம். பதில் தராத கேள்விக்காக அந்த எலிகளைக் கொல்வதும் எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

உங்களில் பலர் பயோமெடிக்கல் படிக்கிறீர்கள். கோடை விடுமுறைக்கு லேப் ஒன்றில் சேர்ந்தால், முதல் நாளே உணவு மூட்டையின் லேபிளைப் படம் எடுத்து வையுங்கள்: பெயர், எண், தயாரித்த தேதி, லாட் நம்பர். "கன்ட்ரோல் குரூப்புக்கும் இதே நிறுவனத்தின் உணவா?" என்று கேளுங்கள். யாராவது "அது முக்கியமில்லை" என்றால், வார்டன், ஃபிஸ்லர் கட்டுரையை அவருக்கு மெயில் பண்ணிவிடுங்கள். ஒரே பக்கம்தான், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்து முடித்துவிடலாம்.