மழை நாளில் மூடியைத் தூக்கும் தண்ணீர்



வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சென்னையில் வாழும் நாம் ஏரிகளைப் பற்றியே பேசுகிறோம். செம்பரம்பாக்கம் நிரம்பியதா, எத்தனை கன அடி திறந்தார்கள் என்று விசாரிக்கிறோம். 2015 டிசம்பரில் அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது என்பது நம்மில் பலருக்கு மனப்பாடம். ஆனால் அதே நாட்களில் நம் தெருவிலுள்ள மேன்ஹோலின் இரும்பு மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த கறுப்புத் தண்ணீரின் அளவு யாருக்கும் நினைவில் இல்லை. வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுச் சுவரில் நின்ற கறையும், தொட்டியில் கலந்த நாற்றமும், பிள்ளைகளுக்கு வந்த வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் அந்தத் தண்ணீரால் வந்தவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பல பகுதிகளில் மக்கள் முழங்காலளவு நின்றது வெறும் மழைநீரில் இல்லை.

இது ஏன் நடக்கிறது? சென்னையில் கழிவுநீருக்கு ஒரு குழாய், மழைநீருக்குத் தனி வடிகால். திட்டப்படி இரண்டும் எங்கும் சந்திக்கக் கூடாது. அப்படியானால் எவ்வளவு மழை பெய்தாலும் பாதாளச் சாக்கடையில் ஒரு குடம் தண்ணீர்கூட அதிகமாகக் கூடாது அல்லவா? ஆனால் கூடுகிறது, அதுவும் பல மடங்கு கூடுகிறது. உடைந்த, இடைவெளி விழுந்த பழைய குழாய்களுக்குள் உயர்ந்துவிட்ட நிலத்தடி நீர் கசிந்து புகுகிறது. தெருவில் தண்ணீர் தேங்கினால் யாராவது ஒருவர் கம்பியோடு வந்து மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுகிறார். தெரு வடிந்ததும் எல்லோரும் அவரைப் பாராட்டுகிறோம். இவற்றோடு, மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயைக் கழிவுநீர்த் தொட்டியில் சொருகிவைத்திருக்கும் வீடுகள் ஏராளம். கட்டும்போது கொத்தனாருக்கு அதுதான் எளிது. சட்டப்படி இதற்கு அனுமதி இல்லை.

ஒரு சிறிய கணக்கைப் பாருங்கள். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் (சென்னைக்கு இது அபூர்வமான மழையன்று) அந்த ஒரு மாடியிலிருந்து 9,300 லிட்டர் இறங்கும். ஐந்து பேர் உள்ள குடும்பம் ஆளுக்கு 135 லிட்டர் பயன்படுத்தி, அதில் எண்பது விழுக்காடு சாக்கடைக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 540 லிட்டர். அதாவது தவறாக இணைத்த ஒரே ஒரு மாடி, ஒரே நாளில் பதினேழு குடும்பங்களின் கழிவுநீருக்குச் சமமான தண்ணீரைக் குழாயில் இறக்குகிறது. குழாய்களோ சராசரி ஓட்டத்தைப்போல் இரண்டு, மூன்று மடங்கைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. ஒரு தெருவில் நான்கைந்து வீடுகள் இப்படி இருந்தால் போதும்.

சென்னை தட்டையான ஊர். பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம்தான். ஆகவே கழிவுநீர் சரிவில் ஓடிப் பள்ளமான ஓரிடத்தில் சேர்ந்து, அங்குள்ள உந்து நிலையத்தின் மோட்டார்களால் கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற இடங்களிலுள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்பப்படுகிறது. மோட்டார் இறைப்பதைவிட வேகமாகத் தண்ணீர் வந்தால், அல்லது மின்சாரம் நின்றால், கிணறு நிரம்பி, குழாய் நிரம்பி, தண்ணீர் பின்னோக்கி ஏறும். ஏறி எங்கே வெளியே வரும்? மேட்டுத் தெருவின் மாடி வீட்டிலா? எங்கே தரை மிகத் தாழ்வாக இருக்கிறதோ அங்கேதான். அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மேட்டில் இருப்பவரின் மாடித் தண்ணீர் பள்ளத்தில் இருப்பவரின் கழிவறை வழியே வீட்டுக்குள் வருகிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை.

எல்லாத் தண்ணீரையும் எப்படியாவது சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கலாம். அங்கேயும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. அந்த நிலையத்தில் உண்மையில் வேலை செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். பெரிய தொட்டிகளில் காற்றைச் செலுத்தி அவற்றை வளர்க்கிறார்கள். அவை அழுக்கைத் தின்கின்றன. பிறகு அமைதியான அடுத்த தொட்டியில் அவை சேறாக அடியில் படிய, மேலே தெளிந்த நீர் வெளியேறுகிறது. படிந்த சேற்றை மறுபடியும் முதல் தொட்டிக்கே திருப்புகிறார்கள், அடுத்த நாள் வேலைக்கு அதுதான் ஆள். மழை வெள்ளம் வேகமாக உள்ளே பாய்ந்தால் சேறு படிய நேரம் கிடைக்காது. அது நீரோடு சேர்ந்து ஆற்றுக்குப் போய்விடும். அப்படி அடித்துச்செல்லப்பட்ட உயிர்க்கூட்டம் மறுபடியும் வளர்ந்து வர நாட்கள், சில வேளைகளில் வாரங்கள் ஆகும். மழை நின்ற பிறகும் நிலையம் அரைகுறையாகவே இயங்கும்.

அனுபவமுள்ள பொறியாளர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். கனமழை வரும் நேரத்தில் காற்றைச் சற்று நிறுத்தி, சேறு முதல் தொட்டியிலேயே தங்கும்படி செய்வார்கள். அல்லது வரும் தண்ணீரைத் தொட்டியின் தொடக்கத்தில் விடாமல் பிற்பகுதியில் விட்டு, முன்பகுதியில் உயிர்ச்சேற்றைப் பத்திரப்படுத்துவார்கள். உபரி நீரைத் தற்காலிகத் தொட்டியில் தேக்கி, மழை விட்டதும் சுத்திகரிப்பார்கள். அதற்கும் மிஞ்சினால் ஒரு பகுதியை ஓரளவு வடிகட்டி ஆற்றில் விடுவதைத் தவிர வேறு வழியில்லை. நாற்றம் பிடித்த அந்த முடிவை ஓர் இளம் பொறியாளர் நள்ளிரவில் தனியாக எடுக்க வேண்டியிருக்கிறது என்பதையும் நாம் நினைத்துப் பார்க்கலாம்.

வளர்ந்த நாடுகளில் இந்தத் தொல்லை இல்லையா என்று கேட்பவர்களுக்கு இலண்டனைக் காட்டலாம். 1858-ஆம் ஆண்டு கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றத்தால் நாடாளுமன்றமே தவித்தது. அதன்பின் ஜோசப் பசல்ஜெட் என்னும் பொறியாளர் பெருங்குழாய்களைக் கட்டினார். அங்கே மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகின்றன; குழாய் நிரம்பினால் உபரி நதியில் விழும்படி திட்டமிட்டே வாய்கள் வைத்தார். மக்கள்தொகை பெருகப் பெருக, சிறு மழைக்கும் அந்த வாய்கள் திறந்துகொண்டன. இதைத் தடுக்க நதியின் கீழே 25 கிலோமீட்டர் நீளமும் 7.2 மீட்டர் அகலமும் கொண்ட சுரங்கம் கட்டி, 2025 பிப்ரவரியில் முழுமையாக இணைத்தார்கள். செலவு 450 கோடி பவுண்டு.

அந்தச் சுரங்கத்தைவிட என் மனத்தைத் தொட்டது வேறொன்று. 2023 முடிவுக்குள் இங்கிலாந்தின் எல்லா மழைக்கால வெளியேற்று வாய்களிலும் அளவுகருவி பொருத்திவிட்டார்கள். அந்த ஆண்டில் மட்டும் மொத்தம் 36 லட்சம் மணி நேரம் கழிவுநீர் வெளியேறியது என்று அரசே கணக்கு வெளியிட்டது. வெட்கக்கேடான எண்தான். ஆனால் எண் இருந்ததால் மக்கள் கோபப்பட முடிந்தது. 2025 மே மாதம் தேம்ஸ் வாட்டர் நிறுவனத்துக்கு 12 கோடி பவுண்டுக்கும் மேல் அபராதம் விதிக்கப்பட்டது. நம் ஊரிலும் எந்தத் தெருவில், எந்த மேன்ஹோல், ஆண்டில் எத்தனை முறை பொங்கியது என்ற பட்டியலை வார்டு வாரியாக நாம் கேட்டுப் பெற வேண்டும். உணவுப் பொட்டலமும் போர்வையும் கொடுப்பதில் நம் பங்குகள் ஒருபோதும் பின்வாங்கியதில்லை. ஆனால் அந்தப் பொட்டலத்தை நீட்டிய அதே வாசலில், சாக்கடை ஏன் பொங்கியது என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. 2015-இல் வெளியான 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலில், பாதுகாப்பான குடிநீர் அடிப்படை மனித உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் எழுதினார். அந்த உரிமை பறிபோவது பெரும்பாலும் இப்படித்தான்: கசியும் குடிநீர்க் குழாயும் பொங்கும் சாக்கடையும் ஒரே பள்ளத்தில் கிடக்கும்போது.

அடைப்பை எடுக்க இறங்குபவரையும் மறக்கலாகாது. மனிதரைக் கழிவுநீர்க் குழிக்குள் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறப்போருக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இருந்தும் இறப்புகள் நிற்கவில்லை. மழைநாளில் தெரு நாறும்போது, "யாரையாவது கூப்பிட்டு இறக்குங்கள்" என்று நாமே அவசரப்படுத்துகிறோம். அந்தக் குழிக்குள் தேங்கியிருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கக்கூடியது. இயந்திரம் வரும்வரை காத்திருக்கச் சொல்லும் துணிவு குடியிருப்போர் சங்கங்களுக்கு வர வேண்டும்.

சுரங்கம் கட்டுவது நம் கையில் இல்லை. மாடிக் குழாய் நம் கையில் இருக்கிறது. 2003-இலேயே தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று அமைத்த தொட்டிகள் பலவற்றில் மண் மூடி, தண்ணீர் இப்போது சாக்கடைக்கே திரும்பியிருக்கிறது. ஒரு பகுதியில் மிகப் பெரிய கூரைகள் எவை என்று பாருங்கள்: ஆலயம், பள்ளி, சமூகக்கூடம். பத்தாயிரம் சதுர அடிக் கூரை, மேலே சொன்ன அதே மழையில் 93,000 லிட்டர் இறக்கும். அது எங்கே போகிறது என்று அறிய ஆய்வுக்குழு தேவையில்லை. மழை இல்லாத ஒரு நாளில் மாடியில் ஒரு வாளி சாயத் தண்ணீரை ஊற்றிவிட்டு, கீழே மேன்ஹோல் மூடியைத் திறந்து ஒருவர் வெளியிலிருந்தே பார்த்தால் போதும். சாயம் அங்கே வந்தால், அந்தக் குழாயை வெட்டி மழைநீர்க் குழிக்குத் திருப்ப ஒரு பிளம்பருக்கு அரை நாள் வேலை.