கழுத்தில் இரண்டு கிலோ

நம் சங்க விழாக்களில் மேடைக்கு எதிரே ஐந்தாறு கேமராக்களாவது எப்போதும் நின்றுகொண்டிருக்கும். செல்போனில் படம் எடுப்பவர்களை விட்டுவிடுகிறேன். அவர்கள் கணக்கில் அடங்கமாட்டார்கள். நல்ல கேமரா வைத்திருக்கும் அன்பர்கள் என்னைப் பிடித்துக்கொண்டால் லென்ஸைப் பற்றிக் கேட்பார்கள், பிளாஷைப் பற்றிக் கேட்பார்கள், மெமரி கார்டு எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்பார்கள். அந்தக் கேமராவை எதில் தொங்கவிடலாம் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. பெட்டியோடு வந்த ஸ்ட்ராப்பை அப்படியே மாட்டிக்கொண்டு, கம்பெனியின் பெயரைக் கொட்டை எழுத்தில் கழுத்தில் சுமந்து திரிகிறார்கள். கூலி வாங்காமல் செய்கிற விளம்பரம்!

ஸ்ட்ராப்புக்கு ஒரு கட்டுரையா என்று சிலர் சிரிக்கலாம். அறுபதாயிரமோ ஒரு லட்சமோ கொடுத்து வாங்கிய பொருளுக்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவே இருப்பது அந்த வார் ஒன்றுதான் என்பதை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வராது. இதில் என் கட்சி இதுதான்: ஸ்ட்ராப்பை நடுவில் பார்த்து வாங்கக் கூடாது, முனையில் பார்த்து வாங்க வேண்டும்.

தில்லியில் கேமரா சாமான் என்றால் சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி மார்க்கெட்டைத்தான் பலரும் சொல்வார்கள். அங்கே ஒரு கடை வாசலில் அரை மணி நேரம் நின்று வேடிக்கை பாருங்கள். ஸ்ட்ராப் வாங்க வருகிறவர், கத்தரிக்காயை அமுக்கிப் பார்ப்பது போல நடுப்பட்டையை அமுக்கிப் பார்ப்பார். மெத்தென்று இருந்தால் முகம் மலரும். தோலா, துணியா, என்ன நிறம் என்று பார்ப்பார். பேரம் பேசுவார். வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்தப் பட்டையின் இரு முனைகளும் கேமராவின் காதுகளில் எப்படி மாட்டிக்கொள்கின்றன என்று புரட்டிப் பார்க்கிறவரைக் காண்பது அபூர்வம். நடுப்பட்டை அறுந்து கேமரா விழுந்தது என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்டதெல்லாம் பக்கிள் நழுவியது, வளையம் விரிந்தது, தையல் பிரிந்தது, திருகு கழன்றது என்பவைதான். நான்குமே முனையில் நடப்பவை.

சில வருஷங்களுக்கு முன் பொங்கல் விழா ஒன்றில் நண்பர் ஒருவரின் கேமரா, அவர் கோலப் போட்டியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே நழுவித் தரையில் மோதியது. லென்ஸின் முன்பக்க வளையம் நசுங்கிவிட்டது. ஸ்ட்ராப் அறுந்திருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எடுத்துப் பார்த்தால் ஸ்ட்ராப் முழுசாக அவர் கழுத்திலேயே கிடந்தது! பக்கிளுக்கு வெளியே விட்டிருந்த வால் அரை அங்குலம்தான். அது நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டு போய், அன்று முழுவதும் விடைபெற்றுக்கொண்டது.

இதற்கு மருந்து காசில்லாதது. வாரின் முனையைக் காது வளையத்தில் நுழைத்துத் திருப்பியபின், பக்கிளில் கோக்கும்போது வால் வெளிப்பக்கம் தொங்கும்படி விடாமல், பட்டைக்கும் பக்கிளுக்கும் இடையே உட்பக்கமாக அடங்கும்படி கோக்க வேண்டும். அப்போது கேமராவின் எடையே பட்டையை இழுத்து வாலை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். வால் இரண்டு அங்குலமாவது இருக்கட்டும். கோத்து முடித்ததும் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, கிணற்றுக் கயிற்றை இழுப்பது போல இரண்டு பக்கமும் பலமாக இழுத்துப் பாருங்கள். பெட்டியோடு வந்த ஸ்ட்ராப்பாக இருந்தாலும் இப்படிக் கோத்தால் அது ஒன்றும் மட்டமான சாமான் அல்ல. நான் அதைக் குறை சொல்வது வேறு காரணத்துக்காக. அதற்குப் பிறகு வருகிறேன்.

கேமராவின் அடியில், முக்காலி மாட்டும் துளையில் திருகித் தொங்கவிடும் ஸ்ட்ராப் ஒரு பத்துப் பதினைந்து வருஷமாக மிகவும் பிரபலம். கேமரா தலைகீழாக இடுப்போரம் தொங்கும். தேவைப்படும்போது வாரின் மேல் வழுக்கிக்கொண்டு கண்ணுக்கு வரும். வசதி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது கால் அங்குலத் திருகு. மரை ஏற்றிய எந்தத் திருகும் ஆட ஆட இளகும். நடக்கும்போது கேமரா இடமும் வலமும் திரும்பிக்கொண்டே இருக்கிறது. காலையில் இறுக்கிய திருகு மாலையில் அதே இறுக்கத்தில் இருக்கும் என்று நம்பக் கூடாது. இந்த வகையை வாங்குகிறவர், கேமராவின் காது ஒன்றையும் வாரையும் இணைக்கும் சிறு பாதுகாப்புக் கயிறு கூட வருகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அது இல்லாமல் வாங்குவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மணிக்கொரு தரம் திருகைத் தொட்டுப் பார்ப்பதும் பழக்கமாக வேண்டும்.

இன்னொரு வகை, சிறு வட்டப் பொத்தானோடு கூடிய மெல்லிய கயிற்றைக் காதில் நிரந்தரமாக மாட்டிவிட்டு, ஸ்ட்ராப்பை 'டக்'கென்று போடவும் கழற்றவும் வசதி செய்வது. பீக் டிசைன் என்ற அமெரிக்கக் கம்பெனி இதைப் பரப்பியது. அந்தக் கயிறு 90 கிலோ வரை தாங்கும் என்பது அவர்கள் கணக்கு. பார்த்தால் நம்ப முடியாத அளவுக்கு மெலிதாக இருக்கும். அதன் புத்திசாலித்தனம் பலத்தில் இல்லை. கயிற்றின் கறுப்பு மேலுறை தேய்ந்தால் உள்ளே வேறு நிறம் தெரியும், தெரிந்தால் மாற்றிவிட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது பாருங்கள், அதில் இருக்கிறது. அதே தோற்றத்தில் விலை குறைந்த நகல்களும் கிடைக்கின்றன. மற்ற சாமான்களில் நகல் வாங்குவதை நான் தடுக்கமாட்டேன். இந்த ஒரு பொத்தானில் மட்டும் வேண்டாம்.

இனி சுகத்துக்கு வருவோம். சிறிய கேமராக்காரர்களுக்கு இதில் பெரிய பிரச்சினை இல்லை. கேனன் 1500டி-யும் அதோடு வரும் லென்ஸும் சேர்ந்து முக்கால் கிலோவுக்கும் குறைவு. ஆனால் நிக்கான் டி850-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியோடு அது ஒரு கிலோ. 24-70 லென்ஸ் இன்னொரு கிலோவுக்கு மேல். கல்யாணத்தில் முகூர்த்தம் தொடங்கிப் பந்தி முடியும் வரை இந்த இரண்டு கிலோவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறவர், மறுநாள் தலையைத் திருப்ப உடம்பையே திருப்புவதை நாம் பார்த்திருக்கிறோம்.

நம் ஊரில் தலைச்சுமை தூக்குகிறவர்கள் சும்மாடு வைத்துக்கொள்வார்கள். சும்மாடு எடையைக் குறைப்பதில்லை. ஓரிடத்தில் அழுத்துவதைப் பரப்பிவிடுகிறது. ஸ்ட்ராப்பின் அகலம் செய்கிற வேலையும் அதுவே. இரண்டு கிலோவை இரண்டரை சென்டிமீட்டர் பட்டையில் தொங்கவிட்டால் சதையில் இறங்கும். ஐந்து சென்டிமீட்டரில் தொங்கவிட்டால் அழுத்தம் ஏறக்குறைய பாதி. அதனால் மெத்தையைவிட அகலத்தைப் பாருங்கள் என்பேன். நியோப்ரீன் என்கிற ரப்பர் பஞ்சு போட்ட ஸ்ட்ராப் கடையில் மாட்டிப் பார்க்கும்போது சொர்க்கம் போல இருக்கும். எனக்கு அதன் மேல் அவ்வளவாகப் பிரியமில்லை. நடக்கும்போது கேமரா அதில் ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் ஆடுகிறது. தில்லியின் மே, ஜூன் மாதத்தில் வியர்வையைக் குடித்துக்கொண்டு கழுத்தில் ஒட்டிக்கொள்கிறது.

அகலத்தைவிடவும் முக்கியம், எங்கே மாட்டுகிறோம் என்பது. பெட்டி ஸ்ட்ராப்பை நான் குறை சொல்வது இதற்காகத்தான். அதன் நீளம் கழுத்தில் மாட்டி மார்பில் தொங்கவிடுவதற்கென்றே அளந்தது. கழுத்து சுமை தாங்கும் இடம் அல்ல. தலையைத் தாங்குவதே அதற்குப் போதும். நம் பஸ் கண்டக்டர்களைப் பாருங்கள். சில்லறை நிறைந்த தோல் பையை அவர்கள் கழுத்திலிருந்து நேராகத் தொங்கவிடவில்லை. ஒரு தோளில் வாரைப் போட்டு, மறுபக்க இடுப்பில் பையைக் கிடத்தினார்கள். நெரிசலில் எட்டு மணி நேரம் நிற்கவும் முடிந்தது, பை கைக்கெட்டும் இடத்தில் இருக்கவும் செய்தது. குறுக்கே மாட்டும் 'ஸ்லிங்' ஸ்ட்ராப் என்று இன்று விற்பது இதே சங்கதிதான். இடது தோளில் வார், வலது இடுப்பில் கேமரா. மாட்டியபடியே நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கையால் இழுக்கும் வசதி உள்ளதா என்று மட்டும் பாருங்கள். அது இல்லாவிட்டால், பெரியவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தோமானால் கேமரா முன்னால் வந்து அவர்கள் முழங்காலை ஒரு கை பார்த்துவிடும்!

அந்த இழுப்பு வசதிக்கு இன்னொரு பயனும் உண்டு. வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் வாரைக் கழுத்துக்கும் கைக்கும் இடையே விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டு எடுத்தால் கை நடுக்கம் குறையும். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று பெயர் பெற்ற ஹோமாய் வியாரவாலா 1942-இல் இந்தத் தில்லிக்கு வந்து, 1970 வரை இங்கே படம் எடுத்தார். புடவை கட்டிக்கொண்டு, கேமராச் சாமான்களை முதுகில் சுமந்து சைக்கிளில் போனவர். அன்றைய கேமராக்களின் கனத்தோடு அதை நினைத்துப் பார்க்கையில், நாம் 'ஸ்ட்ராப் உறுத்துகிறது' என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் உறுத்துவது உறுத்தத்தான் செய்கிறது.

தில்லிக் குளிரில் வேறொரு தொல்லை. டிசம்பரில் எல்லோரும் நைலான் ஜாக்கெட்டுக்குள் புகுந்துகொள்கிறோம். வழவழப்பான அந்தத் தோளில் ஸ்ட்ராப் நிற்காது. ஒரு தோளில் சும்மா மாட்டியவர் நூறடிக்கு ஒரு தரம் மேலே தள்ளிக்கொண்டே நடப்பார். அடிப்பக்கம் ரப்பர் கோடுகள் உள்ள பட்டை இதற்கு நல்லது. கழுத்துப் பக்கம் மாட்டுகிறவருக்கோ அதே ரப்பர் சட்டைக் காலரைப் பிடித்து இழுக்கும். அவரவர் மாட்டும் விதத்தைப் பொறுத்தது. தோல் ஸ்ட்ராப் பார்க்க லட்சணமானது. மழைக்காலத்தில் அலமாரியில் வைத்தால் பூசணம் பிடிக்கும், மட்டமான சாயம் வெள்ளைச் சட்டையில் இறங்கும். சாதாரண நைலான் பட்டைக்கு அழகு குறைவுதான், ஆனால் சோப்புப் போட்டு அலசி நிழலில் உலர்த்திவிடலாம்.

பறவைகளைப் படம் எடுக்க பரத்பூர் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிக்கானின் 200-500 லென்ஸ் மட்டும் 2300 கிராம். அத்தகைய லென்ஸ் மாட்டிய கேமராவை அதன் காதுகளில் தொங்கவிட்டால், லென்ஸின் எடை முழுவதும் லென்ஸும் கேமராவும் சேரும் மூட்டில் விழுகிறது. லென்ஸுக்கே முக்காலிப் பட்டையும் பாதமும் கொடுத்திருக்கிறார்கள். ஸ்ட்ராப்பை அங்கே மாட்ட வேண்டும். சைக்கிள் ரிக்ஷாவில் ஏறியதும் வாரைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் பக்கம் தொங்கவிட வேண்டாம்.

கடைசியாகத் திருட்டுப் பயம். இதில் எனக்கும் பல நண்பர்களுக்கும் அபிப்பிராய பேதம் உண்டு. வாருக்குள் எஃகுக் கம்பி வைத்த ஸ்ட்ராப்புகள் விற்கின்றன. கத்தி வைத்து அறுக்க முடியாது என்பது அவற்றின் பெருமை. ரயில் நிலையத்தில் பையை நாற்காலியோடு கட்டிவைக்க அது நல்லதுதான். ஆனால் நம் சாலைகளில் பறிக்கிறவர்கள் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். வார் அறுந்தால் கேமரா போகும். வார் அறுக்க முடியாததாக இருந்து, அதை நாமும் குறுக்கே மாட்டியிருந்தால், வண்டியோடு நாமும் போவோம். தோளில் குறுக்கே மாட்டியது நெரிசலில் நழுவாமல் இருக்கத்தானே ஒழிய மோட்டார் சைக்கிளோடு கயிறு இழுக்க அல்ல. சாலை ஓரத்தில் நடக்கும்போது கேமராவை வாகனங்கள் வரும் பக்கம் தொங்கவிடாமல் சுவர்ப் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். ஆட்டோவில் பையில் போட்டுக் காலுக்கிடையில் வையுங்கள். கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில் இல்லாத வெற்றுக் கறுப்புப் பட்டை இதற்காகவும் நல்லது. தூரத்திலிருந்தே விலையைச் சொல்லிக் காட்டாது. அதையும் மீறி ஒருவன் இழுத்தால் விட்டுவிட வேண்டும் என்பதே என் யோசனை. கேமராவுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கலாம். முதுகெலும்பு அப்படி அல்ல.

ஸ்ட்ராப் வாங்கக் கடைக்குப் போகும்போது உங்கள் கேமராவையும், நீங்கள் வழக்கமாக மாட்டும் மிகக் கனமான லென்ஸையும் கையோடு கொண்டுபோங்கள். குளிர்கால ஜாக்கெட்டையும் போட்டுப் பாருங்கள், ஏப்ரலாக இருந்தாலும். மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே பத்து நிமிஷம் நில்லுங்கள், குனியுங்கள், நிமிருங்கள், கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோய்க் கீழே விடுங்கள். கடைக்காரர், "பாயி சாப், ஸ்ட்ராப் ஹீ தோ ஹை" என்று அலுத்துக்கொள்வார். அவர் அலுத்துக்கொள்ளும்போதே அந்த முனைத் தையலை இன்னொரு முறை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.