பெயர் மூன்று, பொறுப்பு யாருக்கு?

ஊரை ஏய்த்தவன் வேடத்தை மாற்றுவான். கடலிலே அந்த வேலை இன்னும் எளிது. கப்பலின் பெயரை மாற்றினால் போதும், கொடியை மாற்றினால் போதும். பழைய பொறுப்பு பழைய பெயரோடு போய்விடுகிறது. மூன்று பெயர் பூண்ட ஒரு கப்பலின் வரலாற்றைத் தொழிலாளத் தோழர்கள் அறிந்திருப்பது நல்லது. ஏனெனில், அது முடிந்த இடம் நம் நாட்டுக் கடற்கரை!

1960-ஆம் ஆண்டு மே 11. பிரான்சு நாட்டின் சான் நசேர் கப்பல் தளம். அதிபர் தெகோல் முன்னிலையில், அவர் துணைவியார் அந்தக் கப்பலை நீரில் இறக்கி வைத்தார். 'பிரான்ஸ்' என்று நாட்டின் பெயரையே சூட்டினர். நீளம் சுமார் 316 மீட்டர். 40 ஆண்டுகளுக்கு மேலாக அதைவிட நீளமான பயணிக் கப்பல் உலகில் எழவில்லை. 1962 பிப்ரவரியில் லெ ஹாவ்ர் துறைமுகத்திலிருந்து நியூயார்க் நோக்கிப் புறப்பட்டது. நாட்டின் பெருமை என்றார்கள். நடமாடும் அரண்மனை என்றார்கள்.

பெருமை எத்தனை நாள்? விமானம் பயணிகளைப் பறித்துக்கொண்டது. 1973-இல் எண்ணெய் விலை ஏறிற்று. 1974-இல் அரசாங்கம் மானியத்தை நிறுத்தத் துணிந்தது. இலாப நட்டக் கணக்கைப் பார்த்தவர்கள், அந்தக் கப்பலை நம்பி வாழ்ந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களைப் பார்க்கவில்லை. மாலுமிகள் சும்மா இருந்தார்களா? இல்லை! அவ்வாண்டு செப்டம்பரில், துறைமுக வாயிலிலேயே நங்கூரத்தை இறக்கிக் கப்பலைத் தம் வசமாக்கினர். வாரக்கணக்கில் போராடினர். ஆயினும் போராட்டம் தோற்றது; கப்பலை ஒரு மூலையில் கட்டிப் போட்டார்கள்.

1977-இல் அதை அக்ரம் ஓஜே எனும் அரபு வணிகர் வாங்கினார். 1979-இல் நார்வே நாட்டுக் கப்பல் முதலாளி குளோஸ்டர் 1 கோடியே 80 லட்சம் டாலருக்கு வாங்கினார். 'பிரான்ஸ்' இப்போது 'நார்வே' ஆயிற்று. மயாமியிலிருந்து கரீபியத் தீவுகளுக்கு உல்லாசப் பயணம்! மேல்தளத்திலே ஆட்டம், பாட்டு, விருந்து. கீழே பாய்லர் அறையிலே வெப்பமும் வேர்வையும். கடைசிக் காலத்தில் பறந்ததோ பஹாமாஸ் கொடி. 2000-இல் நிறுவனமே ஸ்டார் குரூசஸ் எனும் ஆசிய நிறுவனத்தின் கைக்குப் போயிற்று.

பெயர் மாறிற்று, கொடி மாறிற்று, முதலாளி மாறினார். பாய்லர் மட்டும் மாறவில்லை! 2003 மே 25 அன்று, மயாமி துறையிலே நின்றபோது, அந்தப் பழைய பாய்லர் வெடித்தது. எட்டுத் தொழிலாளர் மாண்டனர். மாண்டவர் எல்லாரும் கப்பல் ஊழியர். பயணி ஒருவரும் இல்லை. பாய்லரை இயக்கியதிலும் பராமரித்ததிலும் சோதித்ததிலும் குறைபாடு என்று அமெரிக்க விசாரணை வாரியம் கண்டது. 2008-இல் நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதம் 10 லட்சம் டாலர். இழப்பீடு 1 கோடியே 37½ லட்சம் டாலர். ஐந்தாண்டு கழித்து!

அதற்குள் கப்பல் எங்கே? 2005-இல் ஜெர்மனியிலிருந்து மலேசியாவுக்கு இழுத்துச் செல்லப்பட்டது. வங்காள தேசம் உள்ளே விட மறுத்தது. 2006-இல் மூன்றாம் பெயர்: 'புளூ லேடி'. லைபீரிய நிறுவனம் ஒன்று உரிமையாளர். அவ்வாண்டு ஆகஸ்டு 15, நம் சுதந்திர நாள் அன்று, குஜராத்தின் அலாங் கரையிலே ஏற்றி நிறுத்தினார்கள். வயிற்றிலே ஆயிரம் டன்னுக்கு மேல் கல்நார் கலந்த பொருள்கள்! 2007 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் உடைக்க அனுமதி தந்தது. 41,000 டன் இரும்பு கிடைக்கும், 700 பேருக்கு வேலை கிடைக்கும் என்று எடுத்துக் காட்டப்பட்டது.

வேலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் அலாங் தேடி வருபவன் வயிற்றுக்காகத்தான் வருகிறான். நாம் கேட்பது வேறு. கல்நார்த் தூசு இன்று நுரையீரலில் புகுந்தால், நோய் தலைகாட்ட இருபது, முப்பது ஆண்டுகள் ஆகலாம். அன்று அவன் சொந்த ஊரிலே இருமிக்கொண்டிருப்பான். யார் வாசலில் போய் நிற்பான்? பிரான்சா? நார்வேயா? லைபீரியாவா? அவன் உடைத்த கப்பலும் இராது; விற்ற நிறுவனமும் இருக்குமோ, இராதோ!

2019-இல் நம் நாட்டில் கப்பல் மறுசுழற்சிச் சட்டம் வந்தது. 2025 ஜூன் 26 முதல் ஹாங்காங் உடன்படிக்கையும் நடைமுறையில் உள்ளது. கப்பலில் உள்ள நச்சுப் பொருள்களுக்குப் பட்டியல் வேண்டும் என்கிறது. நல்லது, வரவேற்கிறோம். நஞ்சுக்குப் பட்டியல் இருக்கையில், அந்த நஞ்சைச் சுமப்பவனுக்குப் பட்டியல் வேண்டாமா? எந்தக் கப்பலை எவன் உடைத்தான் என்ற பதிவேடு வேண்டும். வேலையை விட்ட பின்னும் மருத்துவச் சோதனை தொடர வேண்டும். அதற்கான நிதியை, கப்பலை விற்கும்போதே விற்பவனிடம் வாங்கி வைக்க வேண்டும்.

அந்தக் கப்பலின் மூக்கு முனையை மட்டும் அறுத்துப் பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். 2009-இல் பாரிசிலே ஏலம் விட்டார்கள். இரும்புத் துண்டுக்கு நினைவுச் சின்ன மதிப்பு! உடைத்த கரங்களுக்கு ஒரு பதிவேடுகூடவா கிடைக்காது? கேட்போம், தோழர்களே! கிடைக்கும் வரை கேட்போம்!