பார்ப்பதற்கும் அனுமதி வேண்டுமா?

வெளிநாட்டு நகரமொன்றில் படம்பிடிக்க அனுமதி பெறுவது எப்படி என்று ஆவணப்பட ஆய்வில் ஈடுபட்டுள்ள மாணவர்கள் சிலர் அண்மையில் கேட்டிருந்தனர். விண்ணப்பப் படிவம், காப்பீட்டுச் சான்று, கால அவகாசம் ஆகியவற்றை அந்தந்த நகர நிர்வாகமே வெளியிடுகிறது. அவற்றை இங்கு நிரலிடத் தேவையில்லை. அதற்கு முன்பே கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்னும் எல்லையை வகுப்பவர் யார்? நியூயார்க் நகரம் இதற்கு எழுத்து வடிவில் விடை சொல்லியிருக்கிறது. அவ்விடை எழுதப்பட்டதற்குக் காரணமானவர் ஓர் இந்திய ஆவணப்பட இயக்குநர் என்பதை நம்மில் பலர் அறிந்திருக்கவில்லை.

2002 குஜராத் வன்முறை குறித்து 'ஃபைனல் சொல்யூஷன்' என்னும் படத்தை எடுத்தவர் ராகேஷ் சர்மா. 2004இல் அப்படத்திற்கு இந்தியத் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்ததும், எதிர்ப்புகளுக்குப் பின் அதே ஆண்டில் வழங்கியதும் நாம் அறிந்தவை. மறு ஆண்டு அவர் நியூயார்க்கில் டாக்ஸி ஓட்டுநர்களின் வாழ்க்கை குறித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார். 2005 மே மாதத்தில், மன்ஹாட்டனின் நடுப்பகுதியில், பொதுவெளியில் நின்று கையடக்கக் கேமராவால் தெருவைப் பதிவுசெய்துகொண்டிருந்தவரைக் காவல்துறையினர் தடுத்து, மணிக்கணக்கில் வைத்து விசாரித்தனர். உடன் படக்குழு இல்லை, விளக்குகள் இல்லை, போக்குவரத்துக்கு இடையூறும் இல்லை. நகரின் திரைப்பட அலுவலகத்தின் அனுமதி இல்லை என்பது அவர்மீது வைக்கப்பட்ட குறைகளுள் ஒன்று.

அந்த அலுவலகத்தின் வரலாறு கவனிக்கத்தக்கது. ஜான் லிண்ட்சே மேயராக இருந்த 1966இல், படத் தயாரிப்பாளர்கள் துறை துறையாக ஏறி இறங்கும் துன்பத்தைப் போக்கி, ஒரே இடத்தில் அனுமதி வழங்குவதற்காக அது தொடங்கப்பட்டது. தெருவை அடைத்து, லாரிகளை நிறுத்தி, விளக்குகளை ஏற்றிப் படம்பிடிக்கும் நிறுவனங்களுக்கு அது பேருதவி. ஆனால் எத்தகைய படப்பிடிப்புக்கு அனுமதி கட்டாயம் என்பதைத் தெளிவாக வரையறுக்கும் விதிகள் அப்போது வெளியிடப்பட்டிருக்கவில்லை. விதி இல்லாத இடத்தில் அதிகாரியின் ஊகமே விதியாகிவிடுகிறது. பெரிய நிறுவனங்களின் வசதிக்காக உருவான ஏற்பாடு, தனியொருவரின் கேமராவைத் தடுக்கும் கருவியானது இவ்வாறுதான்.

2006 சனவரியில் நியூயார்க் சிவில் லிபர்டீஸ் யூனியன் சர்மாவின் சார்பில் வழக்குத் தொடுத்தது. 2007இல் சமரசம் ஏற்பட்டு, விதிகளை எழுதி வெளியிட நகரம் ஒப்புக்கொண்டது. ஆனால் வெளிவந்த வரைவு அதிர்ச்சியளித்தது. இருவரோ அதற்கு மேற்பட்டோரோ ஓரிடத்தில் அரைமணி நேரத்துக்கு மேல் கேமராவுடன் நின்றால் அனுமதி வேண்டும். ஐவர் டிரைபாட் வைத்துப் பத்து நிமிடங்களுக்கு மேல் நின்றாலும் வேண்டும். உடன் பத்து லட்சம் டாலர் காப்பீடும் வேண்டும். இதன்படி, பாலத்தின்மேல் அந்திப் பொழுதுக்காகக் காத்திருக்கும் இரு நண்பர்களும் விதிமீறியவர்களே. கலைஞர்களும் மாணவர்களும் பொதுமக்களும் திரண்டு எதிர்த்தனர். நகரம் வரைவைத் திரும்பப் பெற்றுத் திருத்தி எழுதியது. திருத்திய விதிகள் 2008இல் நடைமுறைக்கு வந்தன.

அவ்விதிகளின் சாரம் எளிது. கையடக்கக் கேமராவுடனோ டிரைபாடுடனோ பொதுவிடத்தில் நின்று, அவ்விடத்தைத் தனக்கே உரியதாக்கிக்கொள்ளாமல் படம்பிடிப்பவருக்கு அனுமதி தேவையில்லை. சாலையின் ஒரு தடத்தையோ நடைபாதையின் பெரும்பகுதியையோ அடைத்துக்கொள்பவர் அனுமதி பெற வேண்டும். அதாவது, பார்ப்பதற்கு அனுமதி வேண்டாம்; பிறர் வழியை எடுத்துக்கொள்வதற்கே வேண்டும். படம் எடுப்பவர் யார், எந்த நாட்டினர், எதைப்பற்றி எடுக்கிறார் என்பவை இங்கு அளவுகோல் ஆவதில்லை. கட்டாயமில்லாதவரும் விரும்பினால் அனுமதி பெற்று வைத்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பு என்னாவது என்று கேட்கலாம். 2001 செப்டம்பருக்குப் பிந்தைய நியூயார்க்கின் அச்சத்தைப் பொய்யென்று ஒதுக்க இயலாது. சுரங்க ரயிலில் படமெடுப்பதையே தடைசெய்யும் முன்மொழிவு 2004இல் அங்கு எழுந்தது. மறு ஆண்டே கைவிடப்பட்டது. சந்தேகம் எழுந்தால் காவலர் கேள்வி கேட்கட்டும். ஆனால் எழுதப்படாத விதி எவரையும் பாதுகாப்பதில்லை. எவரைத் தடுப்பது என்பதைக் காவலர் முகத்தையும் நிறத்தையும் கொண்டு முடிவுசெய்யவே அது இடமளிக்கிறது.

வெளிநாடு செல்லும் மாணவர்களுக்கு எச்சரிக்கையும் உண்டு. ஒரு நகரம் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருப்பதில்லை. நியூயார்க்கின் சுரங்க ரயிலுக்குத் தனி விதிகள்: அங்கே படம்பிடிக்கலாம், ஆனால் விளக்குகளும் டிரைபாடும் கூடா. லண்டனில் ஒவ்வொரு பரோவும் தனி நிர்வாகம். டிராஃபல்கர் சதுக்கத்தில் வணிகப் படப்பிடிப்புக்கு எழுத்து வழி அனுமதி வேண்டும். தனியார் கட்டடத்தின் வாயிற்படி தனியாருக்கே உரியது. அனைத்துக்கும் மேலாக, நகரம் தரும் அனுமதி நாடு தரும் விசாவுக்கு ஈடாகாது. சுற்றுலா விசாவில் சென்று ஆவணப்படம் எடுப்பது தனிச் சிக்கல்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்ற ஆண்டு, களப்பணிக்காக நடைபாதை வணிகர்களை அவர்களின் ஒப்புதலுடன் ஒரு வட இந்திய நகரில் பதிவுசெய்துகொண்டிருந்தேன். சீருடை அணிந்த ஒருவர் வந்து கேமராவை அணைக்கச் சொன்னார். எந்த விதியின்படி என்று கேட்டேன். "மேலிடத்தில் கேளுங்கள்" என்றார். மேலிடமோ, காவல்நிலையத்தைக் கேட்கச் சொல்லியது. அடுத்த நாள் அவ்வணிகர்கள் என்னிடம் பேசவே தயங்கினர். இழந்தது ஒருநாள் படப்பிடிப்பு மட்டுமன்று, மாதக்கணக்கில் ஈட்டிய நம்பிக்கையும் கூட.

இந்தியாவில் 2015இல் திரைப்பட வசதி அலுவலகம் தொடங்கப்பட்டது. ஒற்றைச் சாளர முறை பற்றி மாநிலங்களும் பெருமையுடன் பேசுகின்றன. இவை வரவேற்கத்தக்கவையே, எனினும் இவற்றின் முதன்மை நோக்கம் பெரிய தயாரிப்புகளை ஈர்ப்பது. சாளரம் ஒன்றானால் போதுமா? எவர் சாளரத்துக்கு வரவே தேவையில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டாமா?

நம் பல்கலைக்கழகங்கள் இரண்டு செய்யலாம். களத்துக்குச் செல்லும் மாணவருக்கு, ஆய்வின் நோக்கத்தையும் பொறுப்பாளரின் பெயரையும் குறிக்கும் கடிதத்தை நிறுவனத் தாளில் வழங்கலாம், இதற்குச் செலவில்லை. கையடக்கக் கேமராவுக்கான எல்லையை எழுதி வெளியிடுமாறு மாநகராட்சிகளைத் துறைகளின் சார்பில் கேட்கலாம். தன் நாட்டில் சான்றிதழுக்காகப் போராடிய ஒருவர் அயல்நகரின் விதியை மாற்றக் காரணமானார். அந்த விதியின் பயனை அங்கு செல்லும் நம் மாணவர்கள் அனுபவிக்கிறார்கள். அதே உரிமை அவர்களுக்குத் தம் சொந்த ஊர்த் தெருவிலும் கிடைக்க வேண்டும்.