சாவி யாருடைய கையில்?

துறைமுகமும் கடற்படைத் தளமும் இருக்கிற ஊர் திருகோணமலை. இங்கே இரகசியம் எண்டால் அரசாங்கத்தின் இரகசியம்தான் நினைவுக்கு வரும். எங்கட இரகசியத்தைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. அதனால்தான் கலைப்பீடத்தில் படிக்கிற நான் குவாண்டம் சாவி பற்றி எழுதுகிறேன்.

வீட்டுக்கு வருகிற ஃபைபர் பெரும்பாலும் எங்களுக்கு மட்டுமான வயர் இல்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒரு நாரின் ஒளியை, ஒரு சின்னப் பெட்டி 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடும். பக்கத்து வீட்டுக்கான டேட்டா எங்கட ரவுட்டர் வரைக்கும் வரும். வழக்கமாக அதைப் பூட்டியே அனுப்புவதால் வாசிக்க முடியாது.

பூட்டுக்கான சாவியை ஒற்றை ஒளித்துகள்களில் அனுப்பும் வழியை 1984இல் பெனட்டும் பிரஸார்டும் முன்வைத்தார்கள். இடையில் யாராவது அளந்து பார்த்தால் துகளின் நிலை குழம்பும், ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடும். 2022 பெப்ரவரியில் இந்தியா பிரயாக்ராஜுக்கும் விந்தியாச்சலுக்கும் இடையே, 100 கிலோமீற்றருக்கு மேல் இதைச் செய்துகாட்டியது. பகிர்ந்த நாரிலும் முடியும். விலைகூடிய உணர்கருவி ஒன்றை எக்ஸ்சேஞ்ச் பக்கம் வைத்தால் 64 பேர் வரை பகிரலாம் எண்டு 2013இல் கேம்பிரிட்ஜில் தொஷிபா ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அருமைதான். ஆனா அந்த முறையில் நான் சாவி பகிர்வது என் தோழியோடு இல்லை, எக்ஸ்சேஞ்சோடு. வழியில் நிற்கிற திருடன் பிடிபடுவான்; நடுவில் இருப்பவரை நம்பத்தான் வேணும்.

யுத்தம் முடியும்போது நான் சின்னப்பிள்ளை. ஆனாலும் போனில் சில பெயர்களைச் சொல்லும்போது அம்மா குரலைத் தாழ்த்துவதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். வயரில் கைவைக்கிற அந்நியனுக்கா அவர் பயந்தார்?

வங்கிக்கும் துறைமுகத்துக்கும் குவாண்டம் சாவி வரட்டும். எங்களுக்கு முதலில் வேண்டியது, இரண்டு போன்களில் மட்டும் திறக்கிற பூட்டு. இன்றைக்குச் சேமித்து வைத்த செய்தியை நாளைக்குக் குவாண்டம் கணினியால் உடைக்கலாம் எண்ட பயத்துக்கும் கணிதத்தில் மருந்து இருக்கிறது. சிக்னல் செயலி அதை 2023இலேயே சேர்க்கத் தொடங்கியது. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2024 ஓகஸ்டில் அதற்கான தரங்களை வெளியிட்டது. புதுக் கேபிள் தேவையில்லை, ஒரு அப்டேட் போதும்.

போனையே பறித்தால் எந்தப் பூட்டும் உதவாது, அது உண்மை. அதனால்தான் இது இயற்பியல் மாணவர்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை. "பாதுகாப்பானது" எண்டு யாராவது சொன்னால் கேளுங்கள்: யாரிடமிருந்து? சாவி யாரிடம்?